இடுப்பைத்தானே இறுக்கச் சொன்னாங்க

காளியாயி அத்தைக்குப் பிரஜா உரிமை ஏன் கிடைக்காமல் போனது என்று கேட்டால் எங்கள் தோட்டத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். விசாரணைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பார்கள். ஐயாமார்களைக் கண்டு பயந்து ஓடிவிட்டாள் என்பார்கள். டவுனைப் பார்த்ததும் கடைத்தெருவில் பராக்குப் பார்க்கப் போய்விட்டாள் என்றுகூட ஒருத்தன் சொன்னான். அவன் வாயில் புழு வைக்க! அன்றைக்கு அவளோடு கூடப் போனவள் நான். நான் இன்னும் செத்துப் போகவில்லை. ஆனாலும் என்னைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போன வருஷம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை தலை உனக்கு, இத்தனை தலை எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தை என்றால் ரத்த சொந்தமில்லை. நான் வாக்கப்பட்டு இந்த லயத்துக்கு வந்தபோது, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற அறைகளில் பக்கத்துக் காம்பரா அவளுடையது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையிலும் எனக்கு அடுத்த நிரை அவளுடையது. அப்படி ஒட்டிய உறவு. பொகவந்தலாவைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறினால் வரும் இந்தத் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். கடல் தாண்டி வந்தது அவளுடைய அப்பன். அவள் கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சிறுமியாக இருக்கும்போதே கூடையைத் தலையில் மாட்டியவள், வீரய்யாவுக்கு வாக்கப்பட்டு ஐந்து பிள்ளை பெற்றாள். ஒவ்வொன்றுக்கும் வலி எடுக்கிற வரைக்கும் மலையில் நின்றாள். உடம்பு தேறுவதற்குள் மறுபடியும் மலை ஏறினாள். நான்கை மண்ணுக்குக் கொடுத்து ஒன்று தங்கியது. அவன்தான் கந்தப்பன். வீரய்யா மாமா ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

வாயும் கையும் சும்மா இருக்காத பொம்பளை அவள். கங்காணி பழனியாண்டி செங்குத்தான நிரையைக் காட்டி யாரை அனுப்புவது என்று முழிக்கும்போது, "நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க கங்காணி, நா ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறிவிடுவாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் கூடை வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வோம்.

பிரஜா உரிமைக்கு மனுப் போடச் சொல்லி அறிவிப்பு வந்த காலத்தில், புருஷன் இல்லாதவள் என்பதால் அவள் தன் பேரிலேயே மனுப் போட்டாள். அப்போது சின்னப் பையனாக இருந்த கந்தப்பன் பேரும் அதே மனுவில் சேர்ந்தது. அவளுக்குக் கிடைத்தால் அவனுக்கும் கிடைக்கும். அவளுக்கு இல்லையென்றால் அவனுக்கும் இல்லை. மனுப் போட்டது ஐம்பத்தொன்றில். விசாரணைக்கு வரச் சொன்னது அறுபதில். அதற்குள் பையன் மீசை முளைத்து, லொறி ஓட்டப் பழகி, லைசன்ஸும் எடுத்துவிட்டான். பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட நேரம் அது. காக்கிச் சட்டை போட்டு பஸ் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. அரசாங்க வேலைக்குப் பிரஜா உரிமை வேண்டும். இல்லையென்றால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு ஆயுசு முழுக்க இந்த மலையிலேயே கிடக்க வேண்டியதுதான். "அம்மா, ஒன் கையிலதான் இருக்கு" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து உட்காருவாள்.

ஆனால் அவள் கையில் எங்கே இருந்தது? வேறு இடத்தில் அல்லவா இருந்தது.

தீட்டு நின்று இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு. ஒரு நாள் பனி இறங்குகிற நேரம், நிரைக்கு நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ராசம்மா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"தும்முனா வந்துருது புள்ள. இருமுனா வந்துருது. கூடையத் தூக்கி வைக்கிறப்ப சொல்லவே வேணாம். பீலியில தண்ணி விழுற சத்தம் கேட்டா எறங்கி ஓட வேண்டியிருக்கு, போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது."

நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்கள் இருந்தார்கள். பக்கத்து லயத்து மீனம்மா, "காளியாயக்கா நிரையில கொழுந்து நல்லாத்தான் தழையும், தண்ணி ஊத்துறாளே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். சிரித்த பொம்பளைகளில் பாதிப் பேருக்கு அதே கதைதான் என்று எனக்குத் தெரியும். துணியைத் தனியாகப் பீலிக்குக் கொண்டுபோய் அலசுகிறவளை எனக்குத் தெரியாதா என்ன? வாயைத் திறந்து சொன்னவள் இவள் ஒருத்திதான். அதனால் சிரிப்பும் இவள் தலையில் விழுந்தது.

அவள் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினாள். மலையில் வெயிலேறினாலும் தண்ணீர் தொடமாட்டாள். உதடு வெடித்துப் போனதே ஒழிய, சொட்டுவது நிற்கவில்லை. குடிக்காமல் குடிக்காமல் மூத்திரம் மஞ்சளாகி எரிச்சல்தான் கூடியது.

இந்த நேரத்தில்தான் விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. சங்கத் தலைவர் செல்லசாமி வந்து, போய் வந்தவர்கள் சொன்ன விஷயங்களை விளக்கினார்.

"காலையிலேயே போயிறணும். பேர் எப்ப வரும்னு தெரியாது. வர்ற வரைக்கும் நிக்கணும். மூணு தரம் கூப்புடுவாங்க. அதுக்குள்ள முன்னால போய் நிக்கலைன்னா ஆள் வரலைன்னு எழுதிருவாங்க. அம்புட்டுத்தான்."

அத்தை என் தோளில் இடித்தாள். அவள் கேட்கக் கூசிய கேள்வியை நான் கேட்டேன். "தலைவரே, அங்க கக்கூசு இருக்குங்களா?"

"ஏன், கல்யாண வீட்டுக்கா போறீங்க?" என்று அவர் சிரித்தார். அவரைச் சொல்லி என்ன? ஆம்பளைக்கு ரோட்டோரத்து மரம் போதும்.

அன்று முழுவதும் அவள் முகம் சரியாக இல்லை. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது அவளால் முடிகிற காரியமா? மறுநாளே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிட்வைப் அம்மா சிசிலி கெட்டிக்காரி, கொழும்பில் படித்தவள், நல்ல மனசுக்காரியும்கூட. ஆனால் அந்த ஆஸ்பத்திரி என்பது ஒரே ஒரு கூடம்தானே! கை வெட்டுப்பட்டவன், காய்ச்சல்காரன் என்று பத்துப் பதினைந்து ஆம்பளைகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்து கலக்குகிற ஐயா மேஜைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சிசிலியின் காதோடு காதாகச் சொன்னாள். சிசிலியும் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொன்னாள். ஆனாலும் ஆம்பளை காதில் விழுந்தால் என்ன ஆவது என்று பயந்து, பார்த்துப் பார்த்துச் சொல்லை எடுத்தாள்.

"இதுக்கு மருந்து வேணாங்க. பயிற்சிதான். இடுப்ப நல்லா இறுக்கிப் புடிக்கணும். கொஞ்ச நேரம் வச்சிருந்து விட்டுறணும். திரும்ப இறுக்கணும். வேலை செய்யிறப்பவும் செய்யலாம், நிக்கிறப்பவும் செய்யலாம். யாருக்கும் தெரியாது. விடாம செஞ்சா நின்னுரும்."

"இடுப்பையா?"

"ஆமாங்க, இடுப்பத்தான்" என்று சொல்லிவிட்டு, முகம் சிவந்துபோய் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மலையில் கொழுந்து எடுக்கிற பொம்பளையிடம் போய் இடுப்பை இறுக்கு என்றால் அவள் என்ன நினைப்பாள்? சேலைக்கு மேலே சாக்குத் துணியைப் படங்காகச் சுற்றி, கயிற்றால் இடுப்பை வரிந்து கட்டாமல் நாங்கள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கே போவதில்லை. பிள்ளை பெற்றால் வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டுகிறோம். எங்களுக்கு இறுக்குவது என்றால் கயிறுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாமியார், நாத்தனார், யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அன்றிலிருந்து அத்தை படங்குக் கயிற்றை மூச்சு முட்ட இறுக்கினாள். பெரட்டில் நிற்கும்போது ஒரு இறுக்கு. நிரை மாறும்போது அவிழ்த்து விட்டு மறுபடி ஒரு இறுக்கு. சாப்பாட்டுக்கு உட்காரும்போது விடுவாள், எழும்பும்போது இறுக்குவாள். சிசிலி சொன்னதை ஒரு சொல் தவறாமல் செய்தாள் பாவி. இடுப்பைச் சுற்றித் தோல் கன்றி, தடித்து, பிறகு புண்ணாகியது. அடி வயிற்றில் அத்தனை அழுத்தம் விழுந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும்? முன்னே தும்மினால் வந்தது, இப்போது குனிந்தாலே வந்தது.

"கூடுதே அத்தை" என்றேன்.

"மருந்து வேலை செய்யிறப்ப மொதல்ல கூடத்தான் செய்யும். இன்னும் நல்லா இறுக்கணும் போல" என்றாள்.

விசாரணை நாளும் வந்தது. கந்தப்பனுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மனுதாரிதானே போக வேண்டும் என்று செல்லசாமியும் சொல்லிவிட்டார். துணைக்கு நான் போனேன். புறப்படும்போது அவள் வீரய்யா மாமாவின் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, சேலைக்கு உள்ளே அடி வயிற்றைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இழுத்துக் கட்டினோம். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். "இன்னைக்கு ஒரு நாளு நின்னுட்டாப் போதுமடி" என்றாள். முந்தின நாளிலிருந்தே அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

பஸ் வளைவுக்கு வளைவு தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் கையைப் பிடித்தாள். விசாரணை நடக்கிற கந்தோருக்கு முன்னால் எங்களைப் போல நாலைந்து தோட்டத்துச் சனம் நின்றது. மழைத் தூறல் வேறு. கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு கக்கூசு இருந்தது, இல்லாமல் இல்லை. அதற்குப் பூட்டு. சாவி பியோனிடம். அது ஐயாமார்களுக்காம். அப்படியானால் எங்களுக்கு? நாங்கள் என்ன, மூத்திரப்பை இல்லாமலா பிறந்தோம்!

பேர்கள் ஒரு வரிசையும் இல்லாமல் வந்தன. மத்தியானம் ஆகும்போது அவள் முகம் வெளுத்து, வாய் கோணியது. "ராசம்மா, முடியல" என்றாள். "கொஞ்சம் பொறுங்க அத்தை" என்றேன். "பொறுக்கிறதா? அடைச்சு வச்சதெல்லாம் கிழியிற மாதிரி இருக்குடி."

பக்கத்தில் ஒரு சைப்ரஸ் வேலி. இழுத்துக்கொண்டு ஓடினேன். குடையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷத்து வேலை. ஆனால் வேட்டித் துணி நனைந்து, முடிச்சு இரும்பாகிக் கிடந்தது. குளிரில் அவள் விரல் மரத்துவிட்டது. சேலையைத் தூக்கினால் போதுமே என்பீர்கள். அடி வயிறு அப்படிக் கட்டுண்டு கிடக்கையில் வர வேண்டியது முழுசாக வரமாட்டேன் என்றது, வந்தது நிற்கமாட்டேன் என்றது. குடையை என் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நானும் குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தேன். ஒருவழியாக அவிழ்ந்தபோது சேலை முழுக்க நனைந்திருந்தது. அதைப் பிழிந்து, முன்பக்கம் தெரியாமல் மடித்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தோம்.

"காளியாயி, வீரய்யா பெஞ்சாதி, மூணு தரம் கூப்புட்டாச்சே! எங்க போனீங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

நான் பியோன் முன்னால் போய் விழுந்தேன். "மாத்தயா, ஆள் இந்தா இருக்கு மாத்தயா!" அவன் கையை விரித்து, "இவரய்" என்றான். முடிந்துவிட்டதாம். நான் விடவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்து விசாரிக்கிற பெரிய ஐயாவும், அவருக்கு மொழி பெயர்க்கிற தமிழரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரிய ஐயா கெட்டவர்போல் தெரியவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்கச் சொன்னார்.

"கூப்பிட்டபோது எங்கேயம்மா போனாய்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவர் வேறு ஊர்க்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

அத்தனை ஆம்பளைகளும் அவளைப் பார்த்தார்கள். செங்குத்து மலையில் கங்காணியைத் தள்ளி நிற்கச் சொல்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு, "வெளிய போயிருந்தேங்கய்யா" என்றாள்.

எங்கள் லயத்தில் ஒரு பொம்பளை வெளியே போனேன் என்றால் எதற்குப் போனாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மனுஷனோ அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். வெளியே போய்விட்டாளாம். பெரிய ஐயா ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். 'ஐயா, அவள் மூத்திரம் பெய்யப் போனாள்' என்று நானாவது கத்தினேனா என்றால், கத்தினேன். அதற்குள் பியோன் கதவைச் சாத்திவிட்டான். சுற்றி நின்ற ஆம்பளைகள் சிரித்ததுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பராவிலிருந்து கந்தப்பன் குரல் கேட்டது. லயத்துச் சுவர், மூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

"ஒரு மூத்திரத்த அடக்க முடியலையாம்மா ஒனக்கு? ஒரு நாளு?"

அதற்குப் பிறகு அவன் அவளோடு வேண்டியதுக்கு மேல் பேசவில்லை. அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

சில நாள் கழித்து எங்கள் லயத்தில் ஒருத்திக்குப் பிரசவம் பார்க்க சிசிலி வந்தாள். வேலை முடிந்து கை கழுவும்போது நான் போய் முன்னால் நின்றேன். "நல்லா இருக்கும்மா ஒங்க வைத்தியம்!" என்று கேட்டுவிட்டு, அத்தையை இழுத்து வந்து சேலையை விலக்கி இடுப்பைக் காட்டினேன். சுற்றிலும் கயிறு அறுத்த புண். சிசிலிக்கு முதலில் விளங்கவே இல்லை.

"இது என்னங்க இது?"

"இடுப்பைத்தானே இறுக்கச் சொன்னாங்க" என்றாள் அத்தை, என்னைப் பார்த்து.

சிசிலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ மாதாவே! நா கயித்தையா சொன்னேன்?"

பிறகு காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொன்னாள். அத்தையைப் பாயில் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள்.

"கண்ண மூடி நெனச்சுப் பாருங்க. தேயிலைக்குப் பின்னால ஒக்காந்து மூத்திரம் பேஞ்சுக்கிட்டு இருக்கீங்க. கங்காணி வந்துட்டாரு. டக்குன்னு பாதியில நிப்பாட்டுறீங்க. இப்ப எந்த எடம் உள்ள இழுக்குது?"

அத்தை கண்ணை மூடி உள்ளே இழுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "அட, இதுவா!" என்றாள்.

"அதான். அந்தச் சதையத்தான் உள்ளயும் மேலயும் தூக்கணும். வயித்த எக்காதீங்க. தொடைய, குண்டிய இறுக்காதீங்க. மூச்ச அடக்காதீங்க. கொஞ்சம் புடிச்சு வச்சிருந்துட்டு முழுசா விடுங்க. விடுறதும் பயிற்சிதான். மெதுவாக் கொஞ்சம், வெரசாக் கொஞ்சம். தும்மல், இருமல் வருதுன்னா, கூடைய எடுக்கப் போறீங்கன்னா, மொதல்ல அத இறுக்கிட்டு அப்புறம் எடுங்க. நெசமா மூத்திரம் போறப்ப நிப்பாட்டி நிப்பாட்டிப் பழகாதீங்க, அது வேற வில்லங்கத்த இழுத்துட்டு வரும். அவசரம் வந்தா ஓடாதீங்க. நின்னு இறுக்குங்க, அடங்குனதும் நடங்க. தண்ணியக் குடிங்க. மாசக்கணக்காகும், ஆனா நிக்கும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் அத்தை.

"ஆம்பளைங்க இருந்தாங்களே… எப்படிங்க சொல்றது?" என்று சிசிலி அழுதாள். அத்தை எழுந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருத்திக்குச் சொல்ல வெட்கம், இன்னொருத்திக்குக் கேட்க வெட்கம். இந்த வெட்கத்தை எந்த ஆம்பளை வந்து எங்களுக்கு ஈடுகட்டப் போகிறான்?

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தபோது செல்லசாமி அதைப் படித்துக் காட்டினார். "இனி கொழும்புல கோர்ட்டுக்குத்தான் போகணும். நம்மளால ஆகுமா?" என்றார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்கும்போதே பயிற்சி செய்துகொண்டிருந்தாள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அப்படி ஒரு வெறியோடு செய்தாள். சிசிலி சொன்ன பயிற்சியைத் தன் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள். கொழுந்தில் கை வைக்கும்போது உள்ளே இறுக்குவாள். கை நிறைந்து, தோளுக்கு மேலே கூடைக்குள் வீசும்போது விடுவாள். அடுத்த கைக்கு மறுபடி இறுக்குவாள். பக்கத்து நிரையில் நிற்கும் எனக்கே தெரியாது. காலையில் எழும்புமுன் பாயில் கிடந்தபடி ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். தொடக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இதுவும் கயித்துக் கதைதானோ?" என்றுகூட அவள் அலுத்துக்கொண்டாள். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

பனிக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், நிரைக்கு நடுவில் அவளுக்குப் பெரிய தும்மல் வந்தது. மலையே அதிர்கிற மாதிரித் தும்மினாள். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் அசையாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒன்றும் வரவில்லை. மீனம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. சாயங்காலம் பீலிக்கரையில் அத்தையை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ கேட்டாள். அத்தை சுற்றி வளைக்காமல் பச்சையாகவே சொல்லிக் கொடுத்தாள்.

எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தானே? எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொஞ்ச நாள் போனதும், "டவுனுக்குப் போறேன், வர்றியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு அத்தை?"

"நிக்கத்தான்."

பைத்தியமா என்று கேட்டேன். அவள் கேட்கிற மாதிரி இல்லை. தனியாக விட மனசு வராமல் நானும் போனேன். கந்தோருக்கு எதிரில் உள்ள கடையில் வேண்டுமென்றே தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். அது போதாதென்று இன்னொரு கோப்பையும் குடித்தாள். அப்புறம் போய் அதே வாசலுக்கு முன்னால் நின்றாள். அன்றைக்கும் யார் யாருக்கோ விசாரணை. பேர் கூப்பிட்டார்கள், ஆட்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள். இவள் அசையவில்லை. என்னால் தாங்க முடியாமல் நான் இரண்டு தரம் சைப்ரஸ் வேலிக்குப் போய் வந்தேன். அவள் ஒரு தரமும் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அந்த மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உன் பேர் இன்றைக்கு இல்லையே அம்மா. ஏன் நிற்கிறாய்?"

"இப்ப கூப்புடச் சொல்லுங்கய்யா. இப்ப நிப்பேன்" என்றாள். அவர் விழித்தார். அவள் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு மூத்திரத்த அடக்க முடியலைங்கய்யா. வெளிய போனேன்னு சொன்னது அதத்தான். கயித்தக் கட்டிக்கிட்டு வந்து கெட்டேன். இப்ப பயிற்சி எடுத்து சரியாயிருச்சு. காலையிலருந்து நிக்கிறேன், ரெண்டு தேத்தண்ணி குடிச்சிருக்கேன், ஒரு சொட்டு சிந்தல. வேணும்னா அந்தியாகுற வரைக்கும் நிக்கிறேன். பெரியய்யாகிட்ட சொல்லுங்க."

அத்தனை ஆம்பளைகள் நடுவில், சத்தமாக, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ அன்றைக்கு என்னிடம் இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "அது முடிந்துபோனது அம்மா. பைலை மூடியாயிற்று. திறக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் போகவில்லை. கந்தோர் மூடுகிற வரைக்கும் நின்றாள். பியோன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவளைச் சுற்றிப் போனான்.

லயத்துக்கு வந்தபோது கந்தப்பன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னேண்டா கந்தப்பா. காலையிலருந்து மூடுற வரைக்கும் நின்னேன். அடக்கிக்கிட்டு நின்னேன். இவகிட்ட கேளு."

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

"சரி, பசிக்குது. சோத்தப் போடு" என்றான்.

அவள் போட்டாள்.